சீன ரசிகர், குடும்பப் பிரிவு

லீவுப் படிவம் திறக்கவில்லை. ஊழியர் எண்ணையும் தேதிகளையும் கொடுத்த பிறகு திரையில் ஒரு மஞ்சள் முகம் வந்து அழுதது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் நான் எந்த மகிழ்ச்சி நிகழ்விலும் பங்கேற்கவில்லை என்றும், மகிழ்ச்சியாக இல்லாத ஊழியர்கள் லீவில் போனால் திரும்பி வருவது குறைவு என்று கண்டறியப்பட்டிருப்பதால் என் படிவம் பூட்டப்பட்டிருக்கிறது என்றும் அதன் கீழே எழுதியிருந்தது.

துபாயில், ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கிடங்கில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். சீனாவிலிருந்து வரும் கன்டெய்னர்களின் தாள்களைச் சரிபார்ப்பது என் வேலை. பத்து நாள் லீவு கேட்டிருந்தேன். காரணம் என்ற இடத்தில் 'மனைவியின் ஆண்டுத் திவசம்' என்று எழுதியிருந்தேன்.

சிவரூபி போன வருடம் யாழ்ப்பாணத்துக்குப் போன இடத்தில் இறந்தாள். டெங்கு. ஐந்து நாள். நான் செத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன், கொள்ளி வைத்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நிற்க முடியவில்லை. லீவு முடிந்திருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய தகப்பன் கந்தையா மாமாதான் ஐயருக்கு முன்னால் சம்மணம் போட்டு இருந்து மகளுக்குச் செய்தார். வயது எழுபத்திரண்டு. முழங்கால் மடங்காத மனிதர். இரண்டு பேர் பிடித்து இருத்தி, இரண்டு பேர் பிடித்து எழுப்பினார்கள். யாரோ அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஆண்டுத் திவசத்துக்கும் அவரை அங்கே இருத்தக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். திதிக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அந்த மாத லீவுக்கு விண்ணப்பிக்க அடுத்த வியாழன் கடைசி நாள்.

மகிழ்ச்சிப் பிரிவு மூன்றாம் மாடியில் இருக்கிறது. அதன் மேலாளர் ஜெயபாரதி. கோயம்புத்தூர்க்காரர். கணவர், பிள்ளைகளோடு பன்னிரண்டு வருடமாக இங்கே இருப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். போனதும் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க ஃபைலப் பாத்தேன் வசீகரன். லோடிங் பே யோகா, வரல. கேக் டே, வரல. சிரிப்பு வாரம், அஞ்சு நாள்ல ஒரு நாள் கூட வரல. ஏன்?"

"மனைவி செத்துப்போனா மேடம்."

"தெரியும். அதுக்கு நாங்க கார்டு அனுப்பினோமே, கெடச்சுதா?"

"ஓம், கிடைச்சது."

"அப்ப அது முடிஞ்சுதுங்க." திரையில் ஏதோ ஒரு கட்டத்தில் சரி போட்டார். "பாருங்க, சோகமா இருக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லவே இல்ல. உங்க சோகத்தையும் எடுத்துக்கிட்டு நிகழ்ச்சிக்கு வாங்கன்னுதான் சொல்றோம். ஊழியர் மகிழ்ச்சியா இருக்காங்களான்னு வருஷா வருஷம் கேக்கற கம்பெனி இது. போன வருஷம் தொண்ணூத்தெட்டு சதவீதம் பேர் மகிழ்ச்சின்னு சொன்னாங்க. மீதி ரெண்டு சதவீதம் பேர் இப்ப இங்க இல்ல."

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"வர்ற புதன்கிழமை ஒரு நிகழ்ச்சி இருக்கு. அதுல ஒரு தடவை பதிவானாப் போதும், ஃபார்ம் தொறந்துரும். ஃபுட்பால் பிடிக்குமா?"

"பெரிசா தெரியாது மேடம்."

"நல்லது. பிடிச்சவங்களக் கூட்டிட்டுப் போனா மேட்ச்சையே பாத்துட்டு இருக்காங்க."

விஷயம் இதுதான். சீனாவிலிருந்து ஓர் அணி இங்கே வந்து உள்ளூர் அணியோடு நட்புறவு ஆட்டம் ஆடுகிறது. டிவியில் காட்டுவார்கள். சீன அணிக்கான பக்கம் காலியாக இருந்தால் நட்புறவு தெரியாது. அதனால் ஸ்டேடியத்தை நடத்தும் நிறுவனம் கம்பெனிகளிடம் ரசிகர்கள் கேட்டிருக்கிறது.

"இங்க சீனர்கள் நிறையப் பேர் இருக்கினமே?" என்றேன்.

"கேட்டோம். அவங்களுக்கு அன்னிக்கு வேலை இருக்காம். நம்ம சரக்குல எண்பது சதவீதம் சீனாவிலேருந்துதான் வருது. உணர்வுப்படி பாத்தா நாமதான் நெருக்கம்."

பிறகு, இது கட்டாயம் இல்லை, விருப்பம்தான் என்றார். விருப்பம் இல்லாதவர்கள் அதற்கான காரணத்தை எழுதி, தங்கள் மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, ஒரு மகிழ்ச்சி ஆலோசனை வகுப்பில் உட்கார வேண்டும். வகுப்பு புதன்கிழமை மாலை, ஆட்ட நேரத்தில் நடக்கும்.

கிடங்கிலிருந்து அறுபது பேர் விரும்பினோம்.

மூன்று நாள் பயிற்சி. இடம் லோடிங் பே. எல்லோருக்கும் ஒரே அளவில் சிவப்பு டீ சர்ட் வந்தது. பீகார்க்காரர்கள், நேபாளிகள், மலையாளிகள், இரண்டு கானாக்காரர்கள், நாங்கள். ஜெயபாரதி ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். அதில் சீனாவில் ஒரு ஸ்டேடியத்தில் நாற்பதாயிரம் பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அதைத்தான் நாங்கள் செய்ய வேண்டும். அறுபது பேர் நாற்பதாயிரம் மாதிரிக் கேட்க வேண்டும் என்றால் மனதிலிருந்து வர வேண்டும் என்றார். 'ஜியா யோ' என்று ஐந்து மொழிகளின் எழுத்தில் அச்சடித்த துண்டுச் சீட்டைக் கொடுத்தார்.

முத்துராமன் அண்ணை கையைத் தூக்கினார். ராமநாதபுரத்துக்காரர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கிறார்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"எண்ணெய் ஊத்துங்கன்னு அர்த்தம்ணா."

"யாருக்கு?"

"வெளையாடறவங்களுக்கு. அதாவது, இன்னும் வேகமா ஓடுங்கன்னு."

"அப்ப வேகமா ஓடுங்கடான்னே கத்திட்டுப் போயிருவமே."

"சீன ரசிகர் அப்படிக் கத்த மாட்டாங்க."

"நான் சீன ரசிகர்னு அவுகளுக்குத் தெரியுமா?"

ஜெயபாரதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். முத்துராமன் அண்ணை என் பக்கம் சாய்ந்து, "டீசலா, நல்லெண்ணெயான்னு கேக்கலாம்னு பாத்தேன். வேணாம், அப்பறம் என்னையும் ஆலோசனை வகுப்புல உக்கார வச்சுருவாக," என்றார்.

செவ்வாய்க்கிழமை எல்லோருடைய போனுக்கும் ரசிகர் அட்டை வந்தது. முத்துராமன் அண்ணையின் அட்டையில் 'சீன ரசிகர், பேச்சிலர் பிரிவு' என்று இருந்தது. என்னுடையதில் 'சீன ரசிகர், குடும்பப் பிரிவு, இருக்கைகள் இரண்டு' என்று இருந்தது. முதலாவது இருக்கை வசீகரன். இரண்டாவது சிவரூபி வசீகரன்.

இந்த ஊரில் பேச்சிலர் என்றால் கல்யாணம் ஆகாதவன் அல்ல. குடும்பத்தைக் கூட வைத்திருக்காதவன். முத்துராமன் அண்ணைக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு பேரன். அவர் பேச்சிலர். எனக்கு ஒருவரும் இல்லை. நான் குடும்பம்.

ஜெயபாரதியிடம் போன் செய்து சொன்னேன். இன்சூரன்ஸ் பட்டியலில் இருந்து அவளை இறந்த மூன்றாம் நாளே எடுத்துவிட்டார்களே என்று கேட்டேன்.

"அது இன்சூரன்ஸ் டேட்டா. இது மகிழ்ச்சி டேட்டா. கல்யாண நாள் வாழ்த்து அனுப்பறதுக்காக நாங்க தனியா வச்சிருக்கோம். ஸ்டேடியத்துக்கு அதைத்தான் குடுத்தோம். நீங்க எப்படியாச்சும் உள்ள போயிருங்க வசீகரன். கேட்ல ஸ்கேன் ஆனாத்தான் பங்கேற்பு."

புதன்கிழமை நான்கு மணிக்கு பஸ் ஸ்டேடியத்தில் இறக்கிவிட்டது. ஆட்டம் ஆறரைக்கு.

பேச்சிலர் வாசலில் அறுபது பேரில் ஐம்பத்தொன்பது பேர் போனார்கள். என் அட்டையை வைத்தபோது மெஷின் சிவப்பாக எரிந்தது. காவலாளி ஒரு நேபாளி. "ஃபேமிலி உதர், பாய். கேட் செவன்," என்று மறுபக்கத்தைக் காட்டினான். முத்துராமன் அண்ணை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தார். யாரோ அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஏழாம் வாசல் ஸ்டேடியத்தின் மறுபக்கம். இருபது நிமிட நடை. அங்கே நின்றவன் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம் கிதர்?" என்றான். இல்லை என்றேன். தனி ஆண் குடும்ப வாசலால் போக முடியாது, பேச்சிலர் வாசலுக்குப் போ என்றான். போனேன். நேபாளி என்னைப் பார்த்து வருத்தப்பட்டான். மறுபடியும் இருபது நிமிடம் நடந்தேன். மூன்றாவது தடவை யாரோ நிலைமைத் திருத்தக் கவுண்டரைக் காட்டினார்கள்.

கவுண்டரில் எனக்கு முன்னால் ஒரு சீனர் நின்றார். நடுத்தர வயது. தேராவில் தரை ஓடு விற்கிறாராம். ஆட்டத்தில் ஆடப் போவது தன்னுடைய ஊர் அணி என்றும், சின்ன வயதிலிருந்து பார்ப்பதாகவும் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். கவுண்டர்க்காரன் பொறுமையாகப் பட்டியலைப் பார்த்தான். சீன ரசிகர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சிவப்புச் சட்டையும் போட்டிருக்கவில்லை. அவரை நடுநிலைப் பார்வையாளர் பகுதிக்கு அனுப்பினார்கள். போகும்போது என் சட்டையைப் பார்த்து, எந்த நகரம் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

குடும்பப் பிரிவிலிருந்து பேச்சிலர் பிரிவுக்கு மாற முடியும் என்றான் கவுண்டர்க்காரன். மனைவி நேரில் வந்து சம்மதிக்க வேண்டும். அல்லது அவருடைய போனுக்குப் போகும் சரிபார்ப்பு எண்ணைச் சொல்ல வேண்டும். அவள் இறந்துவிட்டாள் என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினான். மனைவி வராததற்கான காரணங்கள் வரிசையாக இருந்தன. வேலையில். பயணத்தில். உடல்நலக் குறைவு. கடையில். கழிவறையில். இறப்பு இல்லை. இருப்பதற்குள் எது கிட்ட வரும் என்று கேட்டான்.

யோசித்து, பயணத்தில் என்றேன். அதை அழுத்தியதும் திரும்பி வரும் தேதியைக் கேட்டது. தேதி இல்லாமல் மேலே போக விடவில்லை. அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பின்னால் வரிசை நீண்டது.

மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. ஆட்டம் தொடங்கியதும் வாசல்களை மூடிவிடுவார்கள். மறுபடியும் ஏழாம் வாசலுக்கு நடந்தேன். அவசரப்பட்டு நடந்ததாக நினைவில்லை. பதிவாகாவிட்டால் நாளை படிவம் திறக்காது. படிவம் திறக்காவிட்டால் மாமா சம்மணம் போட்டு இருப்பார். அதை மட்டும் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஏழாம் வாசலில் ஆள் மாறியிருந்தது. பெண்களைச் சோதிக்கும் மேசையில் இருந்த ஒரு அம்மா என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். மார்பில் ரஹீமா பீவி என்று அட்டை குத்தியிருந்தது.

"தம்பி தமிழா?"

"ஓம் அக்கா."

"சிலோனா? பேச்சுலயே தெரியுது. நான் கீழக்கரை. நாலு மணியிலேருந்து பாக்குறேன், இந்த ஸ்டேடியத்தையே அளந்துக்கிட்டு இருக்கிய. என்ன சங்கதி?"

போனைக் காட்டினேன். இரண்டாவது பெயரைப் படித்தார்.

"புள்ள எங்க?"

"செத்துப்போனா. இவங்களுக்கு அது விளங்கேல்லை."

அவர் வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார். "ஒண்ண மட்டும் அடிச்சா இது தொறக்காது. ரெண்டையும் சேத்து அடிச்சாத்தான் தொறக்கும். கொண்டாங்க, நான் அடிச்சு விடுறேன். மெஷினுக்குச் சத்தம் வந்தாப் போதும், ஆள எண்ணவா போகுது?"

முதல் சத்தத்துக்கு நான் கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டாவது சத்தத்துக்கு ரஹீமா அக்கா கையால் கம்பியைத் தள்ளினார். அது வெறுமையாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எதிரே இருந்த திரையில் நல்வரவு என்று வந்தது. எனக்கு ஒரு தடவை, அவளுக்கு ஒரு தடவை.

"போங்க தம்பி. துஆச் செய்யுறேன்," என்றார்.

குடும்பப் பிரிவில் இருபது பேர்தான் இருந்தார்கள். அதற்கும் பேச்சிலர் பிரிவுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி. வேலியை ஒட்டி முத்துராமன் அண்ணை நின்றார். என்னைக் கண்டதும் துண்டுச் சீட்டை ஆட்டினார். வேலிக்கு இரண்டு பக்கமும் பொறுப்பானவர் கோபாலசாமி. மதுரைக்காரர். ஸ்டேடியம் நிறுவனத்தில் இருக்கை நிறைவு அலுவலர். ஒலிபெருக்கியைப் பிடித்து முதலில் ஆங்கிலத்திலும், பிறகு இந்தியிலும், கடைசியாக, மனம் விட்டு, தமிழிலும் பேசினார்.

"கேமரா எதிர்ப்பக்கம் இருக்கு. கோல் போஸ்ட் உங்களுக்கு வலது பக்கம் இருக்கு. கோல் போஸ்ட்டப் பாக்க வேண்டியதில்ல. பன்னெண்டாவது நிமிஷம், முப்பதாவது நிமிஷம், அறுபத்தொண்ணாவது நிமிஷம், இந்த மூணு தடவையும் நீங்க தன்னை மறந்து எந்திரிச்சுக் கத்தணும். நான் சிவப்புக் கொடி காட்டுவேன். கொடி காட்டாம யாரும் தன்னை மறக்கக் கூடாது. போன மாசம் ஒரு கம்பெனி ஆளுங்க உண்மையாவே கோல் விழுந்தப்பக் கத்திட்டாங்க. கேமரா அப்ப வேற பக்கம் இருந்துச்சு. அவ்வளவு உற்சாகமும் வீணு."

ஒரு கானாக்காரர், சீன அணி தோற்றால் என்ன செய்வது என்று கேட்டார்.

"கௌரவமான வருத்தம். அழக் கூடாது. அழுதா நட்புறவு பாதிக்கும்."

முதல் பாதியை நான் பார்க்கவில்லை. விசில் ஊதியதும் மேலிருந்து ஒரு பெரிய துணியை எங்கள் தலைகளின் மேல் இறக்கினார்கள். அதில் டிராகன் வரைந்திருந்ததாம். மேலிருந்து ட்ரோன் படம் எடுக்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ட்ரோனுக்கு அனுமதிக் கடிதம் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. குடும்பங்கள் டிராகனின் நெஞ்சைப் பிடித்திருந்தோம், பேச்சிலர்கள் வாலை. உள்ளே எல்லாம் சிவப்பாக இருந்தது. வெளியில் யாரோ கத்தினார்கள்.

"தம்பி, என்னாச்சு, கோலா?" வாலிலிருந்து முத்துராமன் அண்ணையின் குரல்.

"தெரியேல்லை அண்ணை."

"எண்ணெய் பத்தல போல."

இடைவேளையில் துணியை எடுத்தார்கள். உள்ளூர் அணி இரண்டு, சீனா பூச்சியம். இரண்டாம் பாதியில் மூன்றாவதும் விழுந்தது. கோபாலசாமி வருத்தத்துக்கான கொடியைக் காட்டினார். வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். நேபாளிகள் சிரித்தார்கள். அவர்களைத் தலை குனியச் சொன்னார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"சார், நீங்க இதுக்கு முன்னாடி எங்கயாவது செஞ்சிருக்கீங்களா?"

"என்னத்தை?"

"இந்த முகம். ரொம்ப இயல்பா இருக்கு சார். இவ்வளவு நாள்ல நான் பாத்ததே இல்ல. அப்படியே இருங்க, அசையாதீங்க." வாக்கி டாக்கியில் யாரிடமோ சொன்னார்.

எதிரே இருந்த பெரிய திரையில் நான் வந்தேன். மூன்று மாடி உயரம். ஒரு வருடமாக நான் கண்ணாடியை ஒழுங்காகப் பார்க்கவில்லை. தாடி நரைத்திருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கதிரையும் மூன்று மாடி உயரத்துக்கு இருந்தது.

கோபாலசாமியின் வாக்கி டாக்கி கத்தியது. அடுத்த வரிசைக்குப் போயிருந்தவர் ஓடி வந்தார்.

"சார், பக்கத்து சீட்டு மேடம் எங்க?"

"அவ இல்லை."

"இல்லைன்னா எப்படி? வந்துட்டாங்களே. ஆறு பதினொண்ணுக்கு ஏழாம் கேட்டு." கையிலிருந்த பலகையைக் காட்டினார்.

"அவ செத்துப்போனா."

அவர் முகம் மாறியது. "எப்ப?"

"போன வருஷம்."

"அப்பாடா," என்றார். பிறகு கூச்சப்பட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. இங்க வச்சு நடந்துருந்தா எனக்கு எழுத வேண்டியது நிறைய," என்றார். கொஞ்ச நேரம் எனக்குப் பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர். "ஆனா பாருங்க சார், சிஸ்டத்துல அவங்க உள்ள இருக்காங்க. உள்ள இருக்கறவங்க சீட்டுல இருக்கணும். சீட்டுல இல்லைன்னா காணாமப் போனவங்க. காணாமப் போனவங்களுக்கு மூணு தடவை அறிவிப்புக் குடுக்கணும். விதி அப்படி. நீங்க வேணாம்னு சொன்னா, கேட்டுல என்ன நடந்துச்சுன்னு நான் எழுதிக்கிறேன். அறிவிப்பு வேணாம்."

எழுதினால் ரஹீமா அக்காவுக்கு வேலை போகும். அதற்காகத்தான் சம்மதித்தேன் என்று சொல்லலாம். அது முழு உண்மை அல்ல.

"சரி, குடுங்கோ," என்றேன்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் முதலில் அரபியில் சொன்னது. பிறகு ஆங்கிலத்தில். பிறகு, சீன ரசிகர் என்பதால், சீன மொழியில். சிவரூபி வசீகரன், நீங்கள் எங்கிருந்தாலும் உடனே உங்கள் இருக்கைக்குத் திரும்பி வரவும், உங்கள் கணவர் காத்திருக்கிறார். மூன்று மொழியிலும் பெயரைச் சரியாகச் சொன்னாள். இந்த நாட்டில் பதினொரு மாதமாக அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பேர் கேட்டார்கள். கொஞ்சப் பேர் திரும்பிப் படிக்கட்டுகளைப் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன்.

மூன்றாவது அறிவிப்பு முடிந்ததும் கோபாலசாமி உதிரியாக இருந்த ஒரு சிவப்புச் சட்டையைக் கொண்டுவந்து காலிக் கதிரையின் முதுகில் மாட்டினார். "தூரத்துலேருந்து ஆள் மாதிரி இருக்கும்," என்றார். கைப்பகுதியை இழுத்துச் சரி செய்தார். முதல் இரண்டு தடவையும் துணிக்குள் போனது, அறுபத்தொன்றாவது நிமிடத்தையும் தவறவிட்டிருந்தோம். எண்பதாவது நிமிடத்தில் மூன்றையும் சேர்த்துக் கத்தினோம்.

அடுத்த நாள் காலை படிவம் திறந்தது. மஞ்சள் முகம் சிரித்தது. தேதிகளையும் காரணத்தையும் எழுதி, இறப்புச் சான்றிதழை இணைத்து அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. காரணம் ஏற்கப்படவில்லை. இறந்ததாக விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்ட நபர் நேற்று மாலை 6.11க்கு மகிழ்ச்சி நிகழ்வில் பங்கேற்றுள்ளார்.

மூன்றாம் மாடிக்குப் போனேன். ஜெயபாரதி திரையைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"சான்றிதழ் போன வருஷத்துது வசீகரன். பங்கேற்பு நேத்தையது. ரெண்டுல புதுசத்தான் சிஸ்டம் எடுத்துக்கும்."

"நீங்க கார்ட் அனுப்பினீங்களே மேடம்."

"அனுப்பினேன். எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது?" என்றார். "திருத்தம் போடலாம். இருபத்தொரு வேலை நாள் ஆகும். அவங்களையும் விசாரிப்பாங்க."

"யாரை?"

"உங்க மிஸஸ."

திதிக்குப் பதினான்கு நாள் இருந்தது. விண்ணப்பம் மூடச் சாயந்தரம் வரை இருந்தது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தணித்தார்.

"காரணத்த மாத்திப் போடுங்க. பட்டியல்ல மூணாவது. மனைவியுடன் நேரம் செலவிடல். அது மகிழ்ச்சி லீவு. யாரோட கையெழுத்தும் வேண்டாம்."

நான் அவரைப் பார்த்தேன்.

"பொய்யில்லியேங்க. நீங்க போறது வேற எதுக்கு?"

அவருடைய மேசையிலிருந்தே போட்டேன். உடனே பச்சை வந்தது. தம்பதியர் இருவரும் நிகழ்வில் பங்கேற்றதால் பத்து நாளுக்குப் பதில் பன்னிரண்டு நாள். கீழே ஒரு நிபந்தனை. லீவு முடிவதற்குள் இருவரும் ஒன்றாக இருக்கும் படம் ஒன்றைப் பதிவேற்ற வேண்டும். முகங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். தவறினால் லீவு இரத்தாகி, வராத நாட்களாகக் கொள்ளப்படும்.

திவசத்தை நான்தான் செய்தேன். மாமா சுவரோரம் கதிரையில் இருந்து பார்த்தார். ஐயர் போய், சாப்பாடு முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு நிபந்தனையைப் பற்றிச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். எழும்பி, கூடத்தில் மாலை போட்டிருந்த அவளுடைய படத்துக்கு முன்னால் இருந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். கல்யாணத்துக்கு முதல், பல்கலைக்கழக வளாகத்தில் படித்த காலத்தில் எடுத்த படம். நான் பக்கத்தில் போய் நின்றேன். மாமா என் போனை இரண்டு கையாலும் பிடித்து எடுத்தார்.

பதிவேற்றினேன். வட்டம் சுற்றியது. முகம் ஒன்று, தெளிவு. முகம் இரண்டு, தெளிவு. படம் ஏற்கப்படவில்லை. ஒருவர் மட்டுமே சிரிக்கிறார். மீண்டும் எடுக்கவும்.

மாமாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அவ சரியாத்தான் நிக்கிறா. நீங்கள் கொஞ்சம் பாருங்கோ தம்பி," என்றார்.

போனை மறுபடியும் தூக்கிப் பிடித்தார்.